அமாவாசைக்கு அமாவாசை காய்ந்த மண்

எங்கள் நிலையத்தில் இப்போது சந்தேகப்படுவதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். பழனி மலையெங்கும் நட்டு வைத்திருக்கும் கருவிகளிலிருந்து மழை, காற்று, வெப்பம், மண்ணின் ஈரம், நில அதிர்வு என்று வந்து குவியும் எண்களை அது கண்கொட்டாமல் பார்த்து, இது சரி, இது கோளாறு என்று தானே முத்திரை குத்திவிடுமாம். அதன் தொடக்க விழாவுக்கு ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண், "சாஃப்ட்வேர் இல்லாத காலத்துல நீங்க எப்படி சார் கோளாறைக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். கேட்டது மரியாதையிலா பரிதாபத்திலா என்று எனக்குப் பிடிபடவில்லை. விழாவில் பதில் சொல்ல நேரம் தரவில்லை, அடுத்து நன்றியுரை இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் சர்வீஸ் முழுக்க நான் செய்த வேலை சந்தேகப்படுவதுதான். அதற்கு மாதாமாதம் சம்பளமும் கொடுத்தார்கள். வீட்டில் அதே வேலையைச் செய்தால் சோறு கிடைக்காது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பழனி அடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. நான் இயற்பியல் படித்தேன், கணினி கற்றுக்கொண்டேன், கொடைக்கானலில் வேலை கிடைத்து மலையேறினேன். முதல் குளிர்காலத்தை மஃப்ளருக்குள்ளேயே கழித்தேன். அப்பாவுக்கு என் வேலையை விளக்கிய நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. உலகத்தில் பலபேர் கடலின் சூட்டையும் பனிமலை உருகுவதையும் பாறையின் வயதையும் அளந்து இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் எங்கள் மலையை அளந்து வைக்கிறோம் என்றேன்.

"யாரு வேணா எடுத்துக்கலாமா?" என்றார்.

"எடுத்துக்கலாம்ப்பா."

"துட்டு?"

"கெடையாது."

"அப்ப சரக்குல ஏதோ கோளாறு இருக்கு."

"அந்தக் கோளாறக் கண்டுபிடிக்கத்தான்ப்பா என்னைய வச்சிருக்காங்க."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம கடையில அந்தச் சோலிய ஈ பாத்துக்கிருது" என்றார். நல்ல பஞ்சாமிர்தம் என்றால் ஈ உட்காருமாம், கலப்படம் என்றால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுமாம். என் பட்டப்படிப்பைப் பற்றி அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

என் மேலதிகாரி டாக்டர் ரேணுகா மேடம். அவரைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொன்னால் போதும். ஒன்று, அவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. மலையில் வேலை பார்ப்பவருக்கு இது எப்படிப்பட்ட சாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜீப்பில் ஏறினால் மூக்குக்கு நேரே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொள்வார், இறங்கும்வரை எடுக்கமாட்டார். முக்கியமான உத்தரவுகள் எல்லாவற்றையும் எலுமிச்சைக்குப் பின்னாலிருந்துதான் கேட்டிருக்கிறேன். இருந்தும் ஒரு கருவியைக்கூட நேரில் பார்க்காமல் விடமாட்டார்.

இன்னொன்று, யாராவது பதறிக்கொண்டு வந்து எதையாவது சொன்னால் அவர் ஒரே கேள்விதான் கேட்பார். "யார் பார்த்தது?"

"மேடம், பூம்பாறைப் பக்கம் பேய்மழை."

"யார் பார்த்தது?"

"கருவி காட்டுது மேடம்."

"கருவி எழுதியிருக்கு. பார்த்தது யாரு?"

கேலி செய்யவில்லை, அது அவருடைய சட்டம். கருவி எழுதியதை ஒரு மனிதன் பார்த்து உறுதி செய்யாமல் நாங்கள் கோளாறு என்றும் சொல்லக்கூடாது, அதிசயம் என்றும் சொல்லக்கூடாது.

நான் வேலை பார்க்கும் முறையை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். காலையில் வந்ததும் முதல் நாளின் எண்களைக் கோடுகளாக வரைந்து திரையில் வைத்துக்கொள்வேன். முதலில், இப்படி நடக்க முடியுமா என்று பார்ப்பேன். மண்ணைவிடத் தண்ணீர் அதிகம் என்று மண் சொன்னால், கருவி குட்டைக்குள் விழுந்து கிடக்கிறது என்று பொருள். அடுத்து, கோடு திடீரென்று துள்ளுகிறதா என்று பார்ப்பேன். இயற்கை பெரும்பாலும் நடந்துதான் வரும், துள்ளிக் குதிப்பது ஒயர்தான். கடைசியில், பக்கத்து ஊர்க் கருவி என்ன சொல்கிறது என்று ஒத்துப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் அந்த எண்ணை அழிக்கக்கூடாது. திறந்து வைத்த தரவில் எதையும் அழிக்கிற பழக்கமே கிடையாது. தப்பான எண்ணும் அப்படியே இருக்கும், அதன் பக்கத்தில் 'சந்தேகம்' என்றோ 'கோளாறு' என்றோ ஒரு குறி இருக்கும். குறிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். அதில் காரணத்தையும், நேரில் பார்த்தவர் பெயரையும் எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் குறி செல்லாது.

இந்த முறையால் எனக்குக் கொஞ்சம் புகழும் கிடைத்தது. பூண்டியில் வைத்திருந்த அதிர்வுமானி ஒவ்வொரு நாளும் நிலம் நடுங்குவதாக எழுதிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பூண்டிக்கு அடியில் பாறை பிளக்கிறது என்று வீட்டில் சொல்லிவைத்து, அது பால்காரர்வரை போய்விட்டது. நான் நேரில் போய் உட்கார்ந்தேன். பேருந்து வந்தது. ஊருக்குள் இடம் போதாததால், ஓட்டுநர் கருவிக்குப் பின்னாலிருந்த மேட்டில் வண்டியை முன்னும் பின்னுமாக ஏற்றி இறக்கித் திருப்பினார். நிலம் நடுங்கத்தான் செய்தது. 'பேருந்து திரும்புகிறது, பார்த்தவர் செல்வராஜ்' என்று கட்டத்தில் எழுதினேன். அன்று முதல் எனக்குப் 'பூகம்பத்தை பஸ்ஸாக்கியவர்' என்று பெயர். வாஸ்தவமாகச் சொன்னால், எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. இனி எந்தக் கோளாறும் என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று நினைத்தேன்.

மன்னவனூரில் அந்த மண் தயாராகிக்கொண்டிருந்தது.

மன்னவனூரில் ஒரு சரிவின் மேல் எங்கள் நிலையங்களில் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் கம்பிவேலி, பூட்டிய கதவு, நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் சோலார் தகடு, கம்பத்தின் காலடியில் மண்ணுக்குள் புதைத்த ஈரமானி. அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் நாகம்மாள் என்ற அம்மாவை ஏற்பாடு செய்திருந்தோம். வேலிக்குப் பக்கத்திலேயே அவருக்குத் தோட்டம். கேரட், உருளை, கோஸ் என்று மாற்றி மாற்றிப் போடுவார். சாவி அவரிடம். தகட்டைத் துடைக்க வேண்டும், மாடு கன்று உள்ளே வராமல் பார்க்க வேண்டும், உள்ளே புல் முளைக்க விடக்கூடாது, மாதம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் அவருக்கு நாங்கள் சொன்ன வேலை. படத்தில் கம்பத்தின் உச்சி தெரிய வேண்டும் என்பது எங்கள் விதி. அம்மா தவறாமல் அனுப்புவார். ஒவ்வொரு படத்திலும் கம்பத்தின் உச்சியும் அதற்கு மேலே தாராளமாக ஆகாயமும் இருக்கும்.

ஒருநாள் அவரிடமிருந்து படத்துக்குப் பதிலாக அழைப்பு வந்தது.

"செல்வராஜ் சாருங்களா? எங்க ஊரு சரியுதாமே, எங்கிட்டுப் போயிச் சரியுது?"

"யாரும்மா சொன்னா?"

"மேப்புல செவப்பா இருக்காம். வீடு கட்ட அனுமதியில்லைன்னுட்டாங்க. நான் பழைய ஓட்டப் பிரிச்சுப் போட்டுட்டேன் சார். சாமானெல்லாம் தார்ப்பாயில கெடக்கு. நானும் மகளும் தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகையில கெடக்கோம். ஐப்பசி மழைக்குள்ள மேல ஒண்ணு வரலைன்னா நாங்க எங்க போவோம்? மாடு பொறுத்துக்கிருது, தம்பி பொண்டாட்டி பொறுக்க மாட்டேங்குறா."

விஷயம் இதுதான். எங்கள் தரவு திறந்து கிடப்பதால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் அல்லவா, மண்சரிவு வரைபடம் போடும் ஒரு குழுவினர் எடுத்திருந்தார்கள். மலையில் எந்தெந்தச் சரிவு மழையில்லாத நாட்களிலும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வரிசைப்படுத்தி, வரிசையில் முதலில் நிற்பதைச் சிவப்பாக்கிவிட்டார்கள். எல்லா ஊரும் காய்ந்து கிடந்த நேரத்தில் மன்னவனூர்ச் சரிவு மட்டும் ஊறிப்போயிருந்தது. அந்தக் கோடு என் கையிலும் வந்துபோனதுதான். காலையில் மெல்ல ஏறும், பகலில் மெல்ல இறங்கும். துள்ளல் இல்லை. மேல்மலைப் பனி என்று நினைத்து 'சரி' என்று குறி போட்டிருந்தேன். ஒத்துப் பார்க்கப் பக்கத்தில் வேறு ஈரமானியும் இல்லை.

மேடத்திடம் சொன்னேன். "நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்றார். வழக்கமான கேள்விதான். ஜீப்புக்கு எழுதிப் போட்டோம்.

ஜீப் கிடைப்பதற்குள் டாக்டர் ரோச் வந்துவிட்டார்.

ரோச் கடல் ஆராய்ச்சிக்காரர். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர், அங்கே ஒரு கல்லூரியில் பேராசிரியர். நிலவு கடலை எப்படி இழுக்கிறது, அலையேற்றம் எப்படி வருகிறது என்பதில் கரைகண்டவர். உலகத்தில் திறந்து கிடக்கும் தரவையெல்லாம் இறக்கி, நிலவின் கணக்கோடு எங்கே ஒத்துப்போகிறது என்று தேடும் நிரல் ஒன்று எழுதி வைத்திருந்தார். அது கடல் கடலாகத் தேடிக்கொண்டே போய், ஒருநாள் மன்னவனூரில் வந்து நின்றுவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை மன்னவனூர் மண் காய்கிறது. மறுநாள் திரும்பவும் ஈரமாகிறது. ஒரு அமாவாசைகூடத் தப்பவில்லை. கடலிலிருந்து இவ்வளவு உயரத்தில், மலைக்கு அடியிலுள்ள நீரை நிலவு உறிஞ்சுகிறது என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார்.

ரோச் எனக்குக் கோட்டைக் காட்டினார். நானும் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. பூகம்பத்தை பஸ்ஸாக்கிய எனக்கு இந்த அமாவாசையை எதுவாகவும் ஆக்கத் தெரியவில்லை.

"செல்வராஜ் சார், இது மட்டும் நெசம்னா நாம பெரிய ஆளு" என்றார் ரோச்.

"நாம" என்ற சொல் எனக்குத் தேனாக இனித்தது. கட்டுரையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர் வருவதாகக் கனவே காண ஆரம்பித்துவிட்டேன். மேடம் மட்டும் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர் ரோச், இந்த நிலா மன்னவனூர் மேல மட்டும் ஏன் இவ்வளவு பாசமா இருக்கு? பூண்டியில ஏன் இல்ல?"

"அங்க பாறை வேற மாதிரி இருக்கலாம் மேடம்."

"யார் பார்த்தது?"

அடுத்த அமாவாசைக்கு நேரில் போவது என்று முடிவானது. ரோச் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கருவிகள் கொண்டுவந்தார். நான் மடிக்கணினி எடுத்துக்கொண்டேன். மேடம் இரண்டு எலுமிச்சை எடுத்துக்கொண்டார். வழியில் ஒவ்வொரு வளைவிலும் ரோச், நிலவின் இழுவிசை பற்றி மேடத்துக்கு விளக்கினார். மேடம் இழுவிசையை வேறு விதமாக அனுபவித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

நாகம்மாள் வேலிக்கு வெளியே காத்திருந்தார். குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தார். "வாங்க டாக்டரம்மா" என்று மேடத்தை வரவேற்றார். டாக்டர் என்பதால் முதலில் மருந்து கேட்பார் என்று நினைத்தேன், ஆனால் அவர் மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொதல்ல உக்காருங்க, சுக்குக்காப்பி போடுறேன்" என்று தானே மருந்து கொடுத்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்து வேலிக் கதவைத் திறந்தார்.

உள்ளே கோஸ் நாற்று.

வரிசை வரிசையாக, பாத்தி கட்டி, நெருக்கமாக, நல்ல பச்சையில். கம்பத்தைச் சுற்றி, ஈரமானியைச் சுற்றி, ஒரு அடி மண்கூட வீணாகவில்லை. ரோச் தன் கருவிப் பெட்டியை வைக்க இடம் தேடி, கடைசியில் தலையில் வைத்துக்கொண்டார்.

"இது என்னம்மா?" என்றேன்.

"கோஸ் நாத்து சார்."

"தெரியிது. இங்க ஏன் வச்சீங்க?"

"நீங்கதான சார் உள்ள புல்லு மொளைக்கக்கூடாதுன்னீங்க. நாத்து நெருக்கமா விட்டா புல்லு எங்கிட்டு மொளைக்கும்? வெளிய விட்டா காட்டெருமை வந்து மேஞ்சுட்டுப் போயிருது. இந்த ஊருல காட்டெருமை நொழையாத வேலி நீங்க போட்டதுதான் சார். ரொம்ப நல்ல வேலி."

எங்கள் வேலியை யாராவது பாராட்டியது அதுதான் முதல் முறை. மேடம் அதுவரை விடாமல் பிடித்திருந்த எலுமிச்சையை மூக்கிலிருந்து கீழே இறக்கினார்.

"இதுக்குத் தண்ணி?"

"நாந்தான் டாக்டரம்மா. வெள்ளனே எந்திரிச்சு, பூவாளில ஊத்திட்டுத்தான் மத்த சோலி."

"தினமுமா?"

"தெனமும். ஒரு நாத்தப் பறிச்சா அடுத்த வெதையப் போட்டுருவேன்."

"இன்னைக்கு மண்ணு காஞ்ச மாதிரி இருக்கே. இன்னைக்கு ஊத்தலையா?"

நாகம்மாள் மேடத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்பது போலில்லை, உடம்பு சரியில்லாதவர் ஏதோ கேட்கிறார் என்பது போலத்தான்.

"இன்னைக்கு அமாவாசைல்ல டாக்டரம்மா. அமாவாசைக்கு நாங்க மண்ணத் தொட மாட்டோம். பூமிக்கும் ஒரு நாள் லீவு வேணும்ல."

மூவரும் சுற்றிலும் பார்த்தோம். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இல்லை. அதற்கடுத்த தோட்டத்திலும் இல்லை. மன்னவனூர்ச் சரிவு முழுவதும் ஒரு மண்வெட்டிச் சத்தம்கூட இல்லாமல் கிடந்தது. வரும்போதே அதைப் பார்த்திருக்கிறோம், குளிர் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் அமாவாசை என்றால் அப்பாவுக்குக் கடையில் தலை நிமிர முடியாத கூட்டம். ரோச்சுக்கு அமாவாசை என்றால் அலை. நாகம்மாளுக்கு அது மண்ணின் ஓய்வு நாள். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அடுத்தவர் அமாவாசை தெரிந்திருக்கவில்லை.

ரோச் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கினார். அவர் முகத்தில் கடைசியாக ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பௌர்ணமியில் மண் காய்ந்ததே இல்லை, அன்றும் நாகம்மாள் ஊற்றுவதில்லை என்றால் நிலவுக்கு இன்னும் வாய்ப்புண்டு.

"பௌர்ணமிக்கு என்னம்மா பண்ணுவீங்க?"

"பௌர்ணமிக்கு ஊத்துவோம் சார்."

ரோச் அப்படியே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "கடல்ல இந்தத் தொந்தரவே கெடையாது மேடம். அங்க எவனும் தண்ணி ஊத்த மாட்டான்" என்றார். அவர் மேல் எனக்கு அன்றிலிருந்து தனி மரியாதை. என் பெயர் அச்சில் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடம் நாகம்மாளை உட்கார வைத்து, மண்ணுக்குள் இருக்கும் கம்பி என்ன செய்கிறது, அது எழுதியதை யார் எடுத்தார்கள், ஊர் எப்படிச் சிவப்பானது என்று பொறுமையாகச் சொன்னார். நாகம்மாளுக்கு முதலில் கோபம் வந்தது.

"கம்பி நட்ட தம்பி, மண்ணுக்குக் காய்ச்சல் பாக்குற கம்பின்னுல்ல சொல்லிட்டுப் போச்சு. ஈரம் பாக்குறதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"தண்ணி ஊத்தியிருக்க மாட்டீங்க" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் கூட ஊத்தியிருப்பேன் சார். நம்மள நம்பிக் குடுத்த கம்பி, காஞ்சு கெடந்தா நல்லாவா இருக்கும்?"

அதற்குப் பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. கையிலிருந்த சாவியைப் பார்த்தபடியே, "அப்ப நான் ஊத்துன தண்ணியிலதான் என் வீடு நின்னு போச்சா?" என்றார். மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டு, விடியும் முன் எழுந்து, தன் வீட்டைத் தானே பூவாளியால் நனைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இப்பவே மாத்திடலாம்மா" என்று மடிக்கணினியைத் திறந்தேன். எல்லா நாளுக்கும் 'கோளாறு' என்று குறி போட்டு, காரணக் கட்டத்தில் 'நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப்பட்டது' என்று எழுதினேன். பார்த்தவர் பெயர் எழுதப் போனேன். மேடம் என் கையைப் பிடித்தார்.

"யார் பார்த்தது?"

"மேடம், நாத்து கண்ணு முன்னாடி நிக்கிது. அவங்களே சொல்றாங்க."

"நாத்தைப் பார்த்தீங்க. தண்ணி ஊத்துறதைப் பார்த்தீங்களா? அதுல கோடு ஏறுறதைப் பார்த்தீங்களா? நாளைக்கே யாராவது, ஒரு வீட்டுக்காகக் குறி போட்டாங்கன்னு சொன்னா அந்தம்மாவுக்குத்தான் திரும்பக் கஷ்டம்."

நியாயம்தான். ஆனால் நாங்கள் வந்ததோ தண்ணீர் ஊற்றாத ஒரே நாளில். நான் நாகம்மாளிடம் திரும்பினேன்.

"அம்மா, இன்னைக்கு மட்டும் ஒரே ஒரு பூவாளி ஊத்துங்க. நாங்க பாத்துட்டு எழுதிட்டா உங்க வீட்டு வேலை வெரசா நடக்கும்."

"என்ன சார் பேசுறீங்க? வீடு கட்டப்போற நேரத்துல அமாவாசையில மண்ணத் தொடச் சொல்றீங்களே!"

"தொட வேணாம், ஊத்தினா போதும்."

"ஊத்துறதும் தொடுறதுதான் சார்."

"நான் ஊத்தட்டுமா?"

"உங்க வீட்டு மண்ணுல போயி ஊத்துங்க."

மேடம் நாகம்மாள் பக்கம் சேர்ந்துவிட்டார். இருவருக்கும் ஒரே குணம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருவர் பார்க்காமல் எழுத மாட்டார், மற்றவர் அமாவாசையில் ஊற்ற மாட்டார். நடுவில் நானும் ரோச்சும் கைகட்டி நின்றோம். வேறு வழியில்லாமல் ஊரிலேயே தங்கினோம். நாகம்மாளின் தம்பி வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி எங்களுக்குப் பொறுமையாகத்தான் பரிமாறினார். ஆனால், "இவுக வீட்டுக்கு எப்ப சார் அனுமதி வரும்?" என்று ஒவ்வொரு குழம்புக் கரண்டிக்கும் கேட்டார்.

மறுநாள் காலையில் நாகம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பூவாளியோடு வந்தார். மூன்று பேர் பார்க்கப்போகிறார்கள் என்பதால் கட்டினாராம். பனி இன்னும் விலகவில்லை. ரோச் ஈரமானிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் திரையைப் பிடித்துக்கொண்டேன். மேடம் நின்றபடி, "ஊத்துங்கம்மா" என்றார். நாகம்மாள் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாத்தியில் ஊற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோடு மெல்ல அசைந்து, மெல்ல ஏறியது. பனியென்று நான் 'சரி' போட்ட அதே ஏற்றம். ரோச் கைதட்டினார். நானும் தட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த மேடமும் எலுமிச்சையை மடியில் செருகிக்கொண்டு தட்டினார். கோஸ் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியதற்குக் கைதட்டல் வாங்கியது நாகம்மாள் ஒருவராகத்தான் இருக்கும்.

காரணக் கட்டத்தில் மேடம் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'நிலையப் பொறுப்பாளர் கோஸ் நாற்றுக்குத் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினார், அமாவாசை நீங்கலாக. பார்த்தவர்கள் ரேணுகா, ரோச், செல்வராஜ்.' உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதை இன்றைக்கும் இறக்கிப் படிக்கலாம். நாற்றைப் பிடுங்கித் தோட்டத்தில் நட நாகம்மாளுக்கு அவகாசம் கொடுத்தோம். படத்தில் கம்பத்தின் உச்சியோடு காலடியும் தெரிய வேண்டும் என்று விதியை மாற்றினோம். வரைபடக் குழுவுக்கு மேடமே எழுதினார். அவர்கள் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். மன்னவனூர் பச்சையானது. அனுமதி வந்தது. ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே நாகம்மாள் வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டார்கள். அன்று எனக்கு ஒரு மூட்டை கோஸ் வந்தது. எங்கள் தெருவே பொரியல் சாப்பிட்டது.

எங்கள் தெரு என்றால் நாயுடுபுரத்தில் வாடகைக்கு இருந்த தெரு. ஓய்வு பெறும் நேரம் நெருங்கியதால் அங்கேயே கொஞ்சம் மேலே, சரிவை ஒட்டி, சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தேன். இதை இவ்வளவு நேரம் சொல்லாததற்குக் காரணம், இவ்வளவு நேரம் அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இருக்கவில்லை.

புதிய வரைபடத்தை மேடமும் நானும் ஒன்றாகத்தான் திறந்தோம். மன்னவனூர் பச்சையாக இருந்தது. சந்தோஷமாக வரைபடத்தில் கீழே இறங்கி வந்தேன். கொடைக்கானல் டவுனில் ஒரு இடம் சிவப்பாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நாயுடுபுரம். இன்னும் பெரிதாக்கினேன். என் வீட்டுச் சரிவு. வகுப்பில் முதல் மாணவன் பள்ளியை விட்டுப் போனால் இரண்டாவது மாணவன் முதலாவதாகிவிடுவான் அல்லவா, வரிசையில் மன்னவனூருக்குப் பின்னால் நின்றிருந்தது என் சரிவு.

"மேடம், இதுல ஏதோ தப்பு இருக்கு" என்றேன்.

மேடம் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார், நான் விசைப்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வசதியாக. அவருடைய குணத்தில் எனக்குப் பயம் வந்த ஒரே இடம் அதுதான். குறி போடும் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. நாயுடுபுரத்துக் கருவியின் எண்களுக்கு 'சந்தேகம்' என்று ஒரு குறி போட்டால் போதும், வரைபடம் தானாகப் பச்சையாகிவிடும். காரணக் கட்டத்தைத் திறந்தேன். அது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் நேரில் போனேன். ஒரு தங்கும் விடுதியின் பின்பக்கச் சரிவில் அந்தக் கருவி இருக்கிறது. வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பாத்தி இருக்கிறதா, பூவாளி இருக்கிறதா, உடைந்த குழாயாவது இருக்கிறதா என்று புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு கோஸ் நாற்றைப் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். விடுதிக் காவலாளி என்னைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன சார், எதையும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லண்ணே. இங்க யாராச்சும் தண்ணி ஊத்துறாங்களா?"

"இங்க யாரு சார் ஊத்தப் போறா? மழ பேஞ்சா மேல கட்டியிருக்க எல்லா வீட்டுத் தண்ணியும் இங்கதான் வந்து எறங்குது. வெயில் காலத்துலயும் கசிஞ்சுக்கிட்டேதான் கெடக்கு."

"எந்த வீட்டுத் தண்ணி?"

அவர் மேலே கை காட்டினார். "எல்லாந்தான். அந்தா, புதுசா ஒண்ணு மாடி தூக்கப் போறாங்களே, மண்ண வெட்டிச் சரிவுல தள்ளிருக்காங்க பாருங்க, அது வந்ததுல இருந்து ரொம்ப மோசம்."

அந்த வீட்டை நானும் பார்த்தேன். பார்த்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் எழுத என் பெயர் தயாராக இருந்தது, காரணம்தான் கிடைக்கவில்லை. திரும்பி வந்து கட்டத்தைக் காலியாகவே மூடினேன். மேடம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் சுக்குக்காப்பியில் பாதியை என் டம்ளரில் ஊற்றினார்.

அன்று மாலையே கொத்தனாரைக் கூப்பிட்டு மாடி வேண்டாம் என்றேன். வெட்டித் தள்ளிய மண்ணை அள்ளிவிட்டு, சரிவுக்குத் தடுப்புச்சுவரும் கூரைத் தண்ணீர் போக வாய்க்காலும் கட்டச் சொன்னேன். கம்பியெல்லாம் கட்டியாச்சே சார் என்று அவருக்கு வருத்தம். விஷயம் கேள்விப்பட்ட நாகம்மாள் போன் செய்து, "எங்க ஊருக்கு வந்திருங்க சார், எங்க ஊரு பச்சை" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

எங்கள் வீட்டுத் தூண்களின் மேல் அந்தக் கம்பிகள் இன்றும் நீட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. என் மனைவி அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். மாடி எப்போது என்று வருகிறவர்கள் கேட்டால் அவள் என்னைக் கை காட்டுகிறாள். நான் அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சரிவைக் காட்டுகிறேன்.